சொட்டுத் தண்ணீரின் சங்கதி

"ராத்திரியில் பாத்ரூம் குழாய் சொட்டுகிற சத்தம் தூங்கவே விடுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் எரிச்சல் தெரிகிறது. எனக்கோ வீட்டுக்குள் கேட்கும் சத்தங்களிலேயே அழகானது அதுதான்.

முதலில் வாளியை நகர்த்திப் பாருங்கள். சொட்டு சிமெண்ட் தரையில் 'சத்' என்று விழும், அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணீர் இருக்கும் வாளியில் விழுந்தால்தான் அந்த 'க்ளுங்'. சரி, தண்ணீரும் தண்ணீரும் மோதுகிற சத்தமா? அதுவும் இல்லை. மோதல் ஏறக்குறைய ஓசையின்றியே முடிந்துவிடுகிறது. சத்தம் அதற்குச் சற்றுப் பின்னால்தான் பிறக்கிறது.

துளி விழுந்ததும் நீர்ப்பரப்பில் ஒரு குழி விழுகிறது. நீரின் மேற்பரப்பு தன்னைத்தானே இழுத்துச் சுருக்கிக்கொள்ளும் பரப்பு இழுவிசை அதை உடனே மூடப் பார்க்கிறது. குழி மூடி, நடுவிலிருந்து ஒரு நீர்த்தூண் மேலே எழும். இந்த அழகை ஆர்தர் வொர்த்திங்டன் என்ற ஆங்கிலேயர் மின்பொறி வெளிச்சத்தில் படமெடுத்து 1908-லேயே வெளியிட்டார். ஆனால் படத்துக்குச் சத்தம் கிடையாதே.

குழி மூடிக்கொள்ளும் அவசரத்தில் அதன் அடிமுனை கிள்ளப்பட்டு, துளியூண்டு காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. நாம் கேட்பது இந்தக் குமிழியைத்தான். சுற்றியிருக்கும் நீர் அதை அழுத்துகிறது; உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்துத் தள்ளுகிறது; தள்ளிய வேகத்தில் அளவுக்கு மீறி விரிந்து, மறுபடி சுருங்குகிறது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி விநாடிக்குச் சுமார் 3,300 முறை இப்படித் துடிக்கும். குமிழி சிறுத்தால் சுருதி ஏறும், பெருத்தால் இறங்கும். இந்தக் கணக்கை மின்னார்ட் 1933-இல் போட்டுக் கொடுத்தார். ஓடையின் சளசளப்பில் பெரும்பங்கு இப்படி அளவு அளவாய்த் துடிக்கும் குமிழிகளுடையதுதான். இத்தனைக்கும் மின்னார்ட் ஒரு வானியலாளர்!

ஆனாலும் ஒரு சிக்கல் பாக்கி. நீருக்குள் பிறக்கும் ஒலியில் மிகச் சொற்பம்தான் காற்றுக்குள் தப்பி வரும். பரப்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். பிறகு எப்படிப் பக்கத்து அறை வரைக்கும் கேட்கிறது? பிரேசிலில் நண்பர் வீட்டில் தங்கியிருந்த கேம்பிரிட்ஜ் பொறியாளர் அனுராக் அகர்வால், ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த வாளியின் சத்தத்தில் தூக்கம் கெட்டு இதை யோசித்தார். ஊர் திரும்பி, அதிவேகக் கேமரா, மைக், நீருக்குள் கேட்கும் ஹைட்ரோஃபோன் மூன்றையும் வைத்து அவர் குழு ஆராய்ந்தது. 2018-இல் விடை வந்தது. குமிழி சிக்குவது குழியின் அடிக்கு வெகு அருகில். அதனால் அது துடிக்கும்போது மேலே இருக்கும் நீர்ப்பரப்பும் மிருதங்கத் தோல் மாதிரி கூடவே அதிர்ந்து, காற்றை நேராகவே தட்டுகிறது. ஒலி நீரைக் கடந்து வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை!

இதைச் சோதிக்க உங்களுக்கு லேப் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவத்தை வாளியில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். பரப்பு இழுவிசை குறைந்து, குமிழி சிக்காமல், சத்தம் அடங்கிப்போகும். குழாய் சொட்டினால் வீட்டில் காசு கரையும் என்று வாஸ்து சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கரைவது தண்ணீர். தேவை பரிகாரம் அல்ல, ஒரு வாஷர்.

"வாளியில் சொட்டுவதை ஆராயவா வரிப்பணம்?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு என் பதில் கடலில் இருக்கிறது. நடுக்கடலில் மழைமானி வைப்பது பெரும்பாடு. ஆனால் சுமார் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள தூறல் துளிகள் கடலில் விழும்போது தவறாமல் குமிழியைப் பிடித்து, 14,000 ஹெர்ட்ஸ் பக்கம் சீறுகின்றன. அதைவிடச் சற்றுப் பெரிய துளிகளுக்கு அந்தக் குமிழி சிக்குவதில்லை; 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வேறு விதமான குமிழிகள், தாழ்ந்த சுருதிகள். ஆகவே ஒரு ஹைட்ரோஃபோனை நீருக்குள் இறக்கிவிட்டால், மேலே பெய்வது தூறலா அடைமழையா என்று கேட்டே சொல்லிவிடலாம். மழையளவைக்கூட அப்படிக் கணக்கிடுகிறார்கள்.