சொம்பில் விழுந்த ஐந்து விரல்

தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம். மொரீஷியஸின் போர்ட் லூயியில் எங்கள் வீட்டில் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பை வெறுங்கையால் எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால், விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பு ரேகை. "உனக்கு உப்புக் கைடா" என்றார் அம்மா. வியர்வை உப்பில் இருக்கும் குளோரைடு பித்தளையை அரித்திருக்கிறது.

சரி, கை முழுக்க ஒரே உப்புதானா? இல்லை. வியர்வைச் சுரப்பி என்பது தோலுக்கடியில் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாய். அடியில் ஊறும்போது அதன் உப்பு கிட்டத்தட்ட ரத்தத்தின் அளவு. மேலே ஏறும் வழியில் குழாயின் சுவர் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாக ஏறினால் நிறைய உறிஞ்சிவிடும். வேகமாக வந்தால் அதற்கு நேரமில்லை, உப்பு மிஞ்சிவிடும். அதனால்தான் வேகத்தைச் சொல்லாமல் உப்பின் அளவை மட்டும் சொல்வதில் பிரயோஜனமில்லை என்பேன்.

அந்த வேகம் இடத்துக்கு இடம் மாறுகிறது. உள்ளங்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கான சுரப்பிகள். புறங்கையில் அதைவிடக் குறைவு. புறங்கை முக்கியமாக வெயிலுக்கு வியர்க்கும், உள்ளங்கை படபடப்புக்கு. அலகு குத்திக்கொள்ள வரிசையில் நிற்பவர் கையைப் பிடித்துப் பாருங்கள், நிழலில் நின்றாலும் ஈரமாகத்தான் இருக்கும்.

அளப்பது சுலபமில்லை. கையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவித் துடைத்து, அளவெடுத்து வெட்டிய உறிஞ்சு துண்டுகளை விரல்நுனி, உள்ளங்கை, புறங்கை மூன்றிலும் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் மூடவேண்டும். மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகி, இல்லாத உப்பு இருப்பதாகக் காட்டும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் துண்டை எடைபோட்டு, கூடிய எடையை நேரத்தால் வகுத்தால் வேகம். துண்டிலிருந்து பிழிந்த நீரில் சோடியம், குளோரைடு, பொட்டாசியம் பார்ப்பார்கள். சோடியம் லிட்டருக்கு 10 முதல் 90 மில்லிமோல் (கரைந்த பொருளின் அளவைச் சொல்லும் அலகு) வரைகூடப் போகும்.

இதிலும் ஏமாறலாம். ரொம்ப நேரம் மூடினால் தோல் ஊறி, அதிலிருந்தே பொட்டாசியம் கசியும். எண்ணெய்ப்பசையும் அப்படித்தான் ஏமாற்றும்: உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. அங்கே கிடைக்கும் எண்ணெய்ப்பசை பெரும்பாலும் நெற்றியையும் தலைமுடியையும் தடவி வந்தது.

சுரப்பிகள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க 1928-இலேயே மைனர் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். அயோடின் பூசி, காயவிட்டு, மேலே மாவுப்பொடி தூவினால், வியர்க்கும் துளைகள் கருநீலப் புள்ளிகளாகத் தெரியும். சோள மாவில் நானும் செய்து பார்த்தேன். விரல்நுனியில் ரேகை வரிசையாகப் புள்ளிகள் உடனே வந்தன. புறங்கையில் வர, வாசலில் வெயிலில் நிற்கவேண்டியிருந்தது. கறை போக மூன்று நாள் ஆயிற்று. அப்புறம் சொம்பைத் தொட அம்மா விடவே இல்லை.