போலீசைக் கூப்பிட்டால் விசா போய்விடாது

போன வாரம் திங்கட்கிழமை காலை நான் அலுவலகம் திறப்பதற்கு முன்பே ஒரு பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பையிலிருந்து ஒன்பது கிஃப்ட் கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாக் கார்டின் பின்பக்கமும் சுரண்டியிருந்தது. அந்த வெள்ளிப் பூச்சு அவள் கட்டைவிரல் நகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் 1,800 டாலர். அவளுடைய இரண்டு மாத வாடகை.

ஞாயிறு மதியம் ஒரு போன் வந்திருக்கிறது. திரையில் தெரிந்தது எங்கள் வளாகப் போலீசின் எண்ணேதான். "உன் பேரில் வாரண்ட் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் செவிஸ் பதிவை முடக்கிவிடுவோம், போனை வைக்கக் கூடாது" என்று போலீஸ் வேஷம் போட்ட ஒரு மோசடிக்காரன் மூன்று மணி நேரம் மிரட்டி, கடை கடையாக நடந்து கார்டு வாங்கி எண்களைப் படிக்க வைத்திருக்கிறான். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு. அவள் போன இரண்டாவது கடைக்கு எதிரிலேயே வளாகப் போலீஸ் நிலையம் இருக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். "ஏம்மா, ரோட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கலாமே?" என்றேன்.

"போலீஸ்கிட்ட போனா ரெக்கார்டு ஆயிடும், விசா போயிடும்னு சீனியர்ஸ் சொன்னாங்க அக்கா."

இந்த வருஷம் இதே பதிலை நான் கேட்பது ஐந்தாவது தடவை. டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் ஐ-20இல் (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் படிவம்) கையெழுத்துப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைக் கொடுத்தது தூதரகம். இங்கே உங்கள் எஃப்-1 நிலையை, அதாவது மாணவராக இங்கே தங்கும் அனுமதியை, செவிஸில் பதிந்து வைப்பது எங்களைப் போன்ற அலுவலகம். சைக்கிள் திருட்டுப்போனது, யாரோ பின்தொடர்கிறார்கள், ரூம்மேட் அடித்துவிட்டான், போனில் ஏமாந்துவிட்டேன் என்று நீங்கள் போலீசில் புகார் கொடுப்பது எஃப்-1 விதி எதையும் மீறுவதாகாது. புகார்தாரர் என்று ரிப்போர்ட்டில் பெயர் வருவதும், குற்றம் சாட்டப்பட்டவர் என்று பெயர் வருவதும் ஒன்றல்ல. சில கடுமையான குற்றங்களில் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுகிறவர்களுக்காகவே யு விசா என்று ஒரு தனி வகை 2000ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. புகார் கொடுத்தாலே ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் அப்படி ஒரு விசாவை எதற்கு வைக்க வேண்டும்?

விசாவுக்கு உண்மையிலேயே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்ய முடியும். கடையில் திருடிப் பிடிபட்டாலும் சிக்கல்தான். அனுமதியில்லாமல் வேலை பார்ப்பது, எங்களிடம் சொல்லாமல் பாடத்தைக் குறைப்பது இதெல்லாம் நிலையைக் கெடுக்கும். கைதாகும் நிலை வந்தால் மரியாதையாகப் பெயரைச் சொல்லிவிட்டு, வக்கீல் இல்லாமல் மற்றதைப் பேச விரும்பவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. 2025 வசந்த காலத்தில் குடிவரவுத் துறையினர் குற்றத் தரவுத்தளத்தில் பெயர்களை ஓட்டிப் பார்த்து, ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை நீக்கினார்கள். வழக்கு தள்ளுபடியானவர்கள்கூட அதில் மாட்டினார்கள். நீதிமன்றங்களுக்குப் போன பிறகு ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. அதே வருஷம் புளோரிடாவில் சில பல்கலைக்கழகப் போலீஸ் துறைகள் குடிவரவுத் துறையோடு ஒப்பந்தம் போட்டதும் உண்மை. உங்கள் கல்லூரியில் நிலவரம் எப்படி என்று அங்குள்ள அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள், சொல்வார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

சரி, வளாகப் போலீஸ் என்றால் யார்? நம் ஊர்க் கல்லூரி கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1894இலேயே இது தொடங்கிவிட்டது. எங்கள் மாநிலத்தில் இவர்கள் மாநில உரிமம் பெற்ற முழுப் போலீஸ்காரர்கள். துப்பாக்கி, கைது செய்யும் அதிகாரம் எல்லாம் உண்டு. நகரப் போலீசிடம் சொல்வதற்கும் இவர்களிடம் சொல்வதற்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லை. இரவில் லைப்ரரியிலிருந்து தனியாகப் போக பயமாக இருந்தால் துணைக்கு வரும் சேவையும் பல வளாகங்களில் உண்டு. கூப்பிட்டுக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எந்தப் போலீசும் போனில் பணம் கேட்காது. கிஃப்ட் கார்டு, கிரிப்டோ என்று எதிலும் கேட்காது. திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்டுவது மோசடிக்காரனுக்குச் சுலபம். போனை வைத்துவிட்டுப் பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே டயல் பண்ணுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டால் கார்டையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். கார்டு நிறுவனத்தை அந்த நிமிஷமே கூப்பிடுங்கள், மிச்சம் இருப்பதையாவது முடக்கச் சொல்லலாம்.

அவசர எண்ணான 911ஐ அழைத்தால் முதல் வார்த்தை நீங்கள் இருக்கும் இடமாக இருக்கட்டும்: கட்டடத்தின் பெயர், மாடி, அறை எண். செல்போனிலிருந்து போகும் அழைப்பு பல ஊர்களில் நகர மையத்துக்குத்தான் போகும், அவர்களுக்கு உங்கள் ஹாஸ்டல் தெரியாது. ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்று மொழியின் பெயரைச் சொல்லுங்கள், பல மையங்களில் போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தவறிப்போய் அழுத்திவிட்டால் கட் பண்ணாமல், தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

வளாகப் போலீசிலிருந்து வரும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை "சும்மா சும்மா வருது" என்று மியூட் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை ஏழே கால் வாக்கில் ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. அதற்குள் மாணவர்கள் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நோரிஸ் ஹாலில் துப்பாக்கிச்சூடு தொடங்கியது. அங்கே நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிசெட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். அன்று கொல்லப்பட்ட 32 பேரில் அவரும் ஒருவர். வளாகக் குற்றங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 1990இல் வந்த கிளரி சட்டத்தை 2008இல் திருத்தி, உயிருக்கு ஆபத்து என்று உறுதியானால் தாமதிக்காமல் எச்சரிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். உங்கள் போனுக்கு வரும் அந்தச் செய்திக்குப் பின்னால் இருப்பது இதுதான். தயவுசெய்து மியூட்டை எடுத்துவிடுங்கள்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. பின்னால் விளக்குப் போட்டு நிறுத்தினால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு உள்ளேயே உட்காருங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் இறங்கி, பேப்பரை எடுத்துக்கொண்டு போலீஸ்காரரை நோக்கி நடக்காதீர்கள். இங்கே அதைத் தாக்க வருவதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். லைசென்ஸ் பையில் இருந்தால், எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அவர் கொடுக்கும் அபராத டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழி மட்டும்தான். ஆனால் அதை அலமாரியில் போட்டு மறந்தால் உண்மையான வாரண்டே வரும். பணம் கட்டுங்கள், அல்லது நீதிமன்றத்தில் மறுத்துச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் ரிப்போர்ட் வாங்காமல் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போகாதீர்கள், கேட்பார்கள். லேப்டாப், சைக்கிள் சீரியல் எண்களை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஊரில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு. 911ஐ இந்தியாவிலிருந்து கூப்பிட முடியாது. ஆனால் ஒவ்வொரு வளாகப் போலீசுக்கும் சாதாரணப் பத்து இலக்க எண் உண்டு, முன்னால் +1 சேர்த்தால் ஊரிலிருந்தே பேசலாம். பிள்ளை ஒரு நாளாகப் போன் எடுக்கவில்லை, போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வெல்ஃபேர் செக் என்று இதற்குப் பெயர். ஆளை அனுப்பிக் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், காசு கிடையாது. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளை என்பதால் எல்லா விவரமும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்குப் பேசு என்று அவனிடம் சொல்வார்கள்.

போன செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா நியூ ஜெர்சியில் உள்ள சொந்தக்காரர் முதல் மகனின் பள்ளித் தோழன் வரை எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, 26 மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்கு மெயில் போட்டார். நான் போலீசுக்குச் சொன்ன இருபதாவது நிமிஷம் ஒரு அதிகாரி அவன் கதவைத் தட்டினார். 103 டிகிரி காய்ச்சல், எழுந்து வர முடியவில்லை, சார்ஜ் தீர்ந்த போன் கட்டிலுக்கு அடியில். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கூடவே இருந்து, போனைச் சார்ஜில் போட்டு, அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச வைத்துத்தான் ஏற்றி அனுப்பினார்.

மறுநாள் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்த நம்பரை முதல்லயே எங்க கையில குடுத்திருக்கக் கூடாதாம்மா?"