மே மாத வெயிலில் பனி பிடிக்கும் ஜிப்சி

சிறுமலையில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி ஜிப்சி ஜீப்புக்கு, பெட்ரோலோடு எல்பிஜியிலும் ஓட, கேஸ் கிட் போட்டோம். ஊருக்குள் அருமையாக ஓடுகிறது. மலை ஏறினால் பாதியில் திணறி நின்றுவிடுகிறது. பானட்டைத் திறந்தால் ரெகுலேட்டர் மேல் ஐஸ்! அடிவாரத்தில் நெருப்பாய்க் காயும் வெயிலில் ஐஸ் எங்கிருந்து வருகிறது?”

விடை மதுரையின் எந்தப் பரோட்டாக் கடையின் பின்பக்கத்திலும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல், கொத்துப் பரோட்டா சத்தம் தெருமுனை வரை கேட்கும் நேரத்தில், அடுப்புக்குப் போகும் 19 கிலோ சிலிண்டரைப் பாருங்கள். அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளையாய் ஒரு பனிப்பட்டை. அதன் மேல்விளிம்பு எங்கே முடிகிறதோ, ஏறக்குறைய அதுவரைதான் உள்ளே திரவம். தீ மெலிந்தால் மாஸ்டர் சிலிண்டரைத் தண்ணீர் டப்பில் இறக்கி வைப்பார். தீ மறுபடி எழும்பும்.

நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் ஆட்டோ எல்பிஜி, அதாவது வண்டிக்கான திரவமாக்கிய பெட்ரோலிய வாயு, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டி. அழுத்தி அடைத்து வைத்திருப்பதால்தான் திரவமாக இருக்கின்றன. வாயுவை இழுக்க இழுக்க உள்ளே அழுத்தம் குறையும், திரவம் கொதிக்கும், கொதிக்கத் தேவையான உள்ளுறை வெப்பத்தைத் தன் உடம்பிலிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கதை. ஒரு கிலோ எல்பிஜி ஆவியாக சுமார் 350 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீரை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கப் போதுமான வெப்பம் அது.

இனி ஜிப்சிக்கு வருவோம். பழைய 970 சிசி என்ஜினின் முழுத் திறன் சுமார் 45 குதிரைத்திறன். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து மலையேறினால் மணிக்குப் பத்து கிலோ வரை கேஸ் குடிக்கும். பரோட்டாக் கல்லைவிடப் பல மடங்கு. வீட்டு சிலிண்டர்போல மேலிருந்து வாயுவை இழுத்தால், டேங்கே குளிர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். அதனால்தான் வண்டியின் டேங்கில் உறிஞ்சுகுழாய் அடிவரை போகிறது. டேங்கிலிருந்து திரவத்தையே எடுத்து, கொதிக்கும் இடத்தை என்ஜின் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்குப் பெயர் வேப்பரைசர். மெக்கானிக்குகள் ரெடியூசர், ரெகுலேட்டர் என்றும் சொல்வார்கள்.

தேங்காய் மூடி அளவுள்ள இந்த அலுமினிய டப்பாவுக்குள் நடப்பதை நினைக்க நினைக்க அதிசயமாக இருக்கிறது. டேங்கின் அழுத்தத்திலேயே திரவம் வந்து சேர்கிறது. முதல் அறையின் வால்வைத் தாண்டியதும் அழுத்தம், வெளிக்காற்றைவிட அரை பார் (‘பார்’ அழுத்தத்தின் அலகு) மட்டுமே கூடுதலான அளவுக்கு விழுகிறது. அந்த அழுத்தத்தில் கொதிநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே. திரவம் சட்டென்று கொதித்துச் சுற்றியிருக்கும் உலோகத்தைக் குளிரவைக்கிறது. அதே உலோகத்தின் மறுபக்கம் ரேடியேட்டரின் சுடுதண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவே சில மில்லிமீட்டர் அலுமினியம்தான். முழு மிதியில் இந்தச் சுவர் வழியாகக் கடக்க வேண்டிய வெப்பம் சுமார் ஒரு கிலோவாட், அதாவது பக்கெட்டில் போடும் ஹீட்டர் ஒன்றின் அளவு. ரேடியேட்டர் எப்படியும் காற்றில் ஊதிவிடும் வெப்பத்தில் இது மிகச் சிறு பங்கு.

இரண்டாம் அறையில் அகலமான ரப்பர் டயாஃப்ரம். கார்புரேட்டருக்கு மேல் பொருத்திய, கேஸைக் காற்றோடு கலக்கும் மிக்சரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது பிறக்கும் மெல்லிய உறிஞ்சலை அது உணர்கிறது. உறிஞ்சல் கூடினால் டயாஃப்ரம் அசைந்து நெம்புகோலைத் தள்ளும், வால்வு திறக்கும், கேஸ் வரும். என்ஜின் நின்றால் உறிஞ்சலும் இல்லை, கேஸும் இல்லை. கம்ப்யூட்டரோ சென்சாரோ இல்லாமல், என்ஜின் கேட்கிற அளவை ஒரு ரப்பர் தாள் அளந்து கொடுக்கிறது.

சுடுதண்ணீர் வராவிட்டால்? முதலில் டப்பாவின் மேல் ஈரம் பூக்கும், பிறகு வெண்பனி. உள்ளே டயாஃப்ரம் விறைக்கும். ஆவியாகாத திரவம் இரண்டாம் அறைக்கே வந்துவிடும். ஒரு பங்கு திரவம் இருநூறு பங்குக்கு மேல் வாயுவாக விரியும் என்பதால் கலவை தாறுமாறாகச் செறிந்து, என்ஜின் மூச்சுமுட்டி நின்றுவிடும். பத்து நிமிடம் நிறுத்தினால் என்ஜின் சூட்டில் பனி உருகி, ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

இங்கே என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து ஒரே பாரத்தோடு ஒரே ஏற்றத்தை ஏறுகிற வண்டி, உறைவதற்கு ஒரே நேரம்தான் எடுக்கும். அதனால் ஏறக்குறைய ஒரே வளைவில்தான் நிற்கும். “அந்த வளைவில் ஏதோ இருக்கிறது” என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் ஏற்றிக் கும்பிட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். பனி உருகவும் அதே பத்து நிமிடம். கும்பிடுவது அவரவர் விருப்பம். ஆனால் கும்பிட்ட கையோடு பானட்டைத் திறந்து வேப்பரைசரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை நம் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஆய்வுக்கருவி வாங்கப் பணம் ஒதுக்குவதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

உறைவதற்குக் காரணங்கள் சிலவே. வேப்பரைசரை ரேடியேட்டரின் மேல்மட்டத்தைவிட உயரமாகப் பொருத்தியிருந்தால், தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் முதலில் காற்று தேங்குவது அதற்குள்தான். இறக்கிப் பொருத்துங்கள். டப்பாவை என்ஜினில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். டயாஃப்ரத்தின் தட்டைப் பக்கம் வண்டியின் நீளத்துக்கு இணையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டயாஃப்ரம் முன்னும்பின்னும் ஆடிக் கலவை மாறும். அடுத்தது, ஹோஸ் மடங்கி அடைபடுவது. மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது: “வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு” என்று பிடுங்கி எறிந்திருப்பார்கள். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாத என்ஜின் மலை இறக்கத்திலும் மழையிலும் ஆறிப்போகும், வேப்பரைசரும் கூடவே ஆறும். என்ஜினுக்குரிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். என்ஜின் கொதிப்பதுதான் பிரச்சினை என்றால் ரேடியேட்டர் அடைப்பை எடுக்க வேண்டும்.

மற்ற வேலைகளில் கவனிக்க வேண்டியவை: கிட் போடுமுன் கம்ப்ரஷன் (என்ஜின் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள், வால்வ் கேப்பை, அதாவது வால்வ் இடைவெளியை, சரிசெய்யுங்கள். கேஸ் உலர்ந்த எரிபொருள். பழைய என்ஜினில் வால்வ் சீட் தேய்ந்து கேப் குறைந்துகொண்டே வரும். அடிக்கடி சரிபார்க்காவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வ் கருகிவிடும். கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடப் பலமான ஸ்பார்க் வேண்டும். புதிய பிளக், நல்ல ஒயர், பிளக் இடைவெளியில் 0.1 மில்லிமீட்டர் குறைப்பு. இதில் சிக்கனம் பார்த்தால் பேக் ஃபயர் ஆகி, அதாவது தீ பின்னோக்கி வெடித்து, ஏர் ஃபில்டர் டப்பா பிளந்துவிடும். கலவை மெலிந்தாலும் அதே கதிதான்: மெலிந்த கலவை மெதுவாக எரியும், இன்டேக் வால்வ் திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சமிருக்கும்.

டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவே கூடாது. வெயிலில் திரவம் டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம் விரிகிறது. விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் பயங்கரமாக ஏறும். 80-ல் நிறுத்துவது, டேங்கில் பொருத்திய வால்வுத் தொகுதியான மல்டிவால்வின் மிதவை. மல்டிவால்வில் டேங்கின் விட்டமும் சாய்வுக் கோணமும் பொறித்திருக்கும். டேங்கைச் சற்றுத் திருப்பிப் பொருத்தினால்கூட மிதவை தவறான மட்டத்தில் அடைக்கும். பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, பட்டைகளைச் சேஸியோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். தரைக்கு அடியில் தொங்கவிட்டால் முதல் பாறையிலேயே இடிக்கும். காப்பர் பைப்பை டேங்க் அருகே ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். கரடுமுரடான பாதையில் சேஸி முறுக்கும்போது நேராக இழுத்துக் கட்டிய பைப் கழுத்தில் கீறல் விடும். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளம் தேடி இறங்கும். ஆகவே மல்டிவால்வைச் சுற்றிய மூடியிலிருந்து வென்ட் ஹோஸ் தரைக்கு வெளியே போகவேண்டும். கசிவு சந்தேகம் இருந்தால் வண்டியை சர்வீஸ் குழியின் மேல் நிறுத்தாதீர்கள்.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் இடையே ஸ்விட்சில் ஒரு நடுநிலை இருக்கிறது. பெட்ரோலிலிருந்து மாறும்போது அதில் வைத்து, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகி என்ஜின் தடுமாறத் தொடங்கியதும் கேஸுக்குத் தள்ளுங்கள். நேரே தள்ளினால் இரண்டும் சேர்ந்து கலவை கெடும். மலையில் குளிர்ந்த காலையில் பெட்ரோலில் கிளப்பி, வேப்பரைசர் வெதுவெதுப்பான பிறகு மாற்றுங்கள். லிட்டர் கணக்கில் செலவு 20 முதல் 25 சதவீதம் கூடும், இழுவை கொஞ்சம் குறையும். காற்றுக்குரிய இடத்தில் சுமார் 4 சதவீதத்தை வாயு பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் துளிகள் உள்ளே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும் உபகாரமும் இல்லை. டீசல் ஜீப்புக்கு இந்தக் கிட் ஆகாது, அதில் ஸ்பார்க்கே கிடையாது.

2000-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே எல்பிஜி சட்டப்படி வண்டி எரிபொருளானது. அங்கீகாரம் பெற்ற கிட், ஆர்சி புக்கில் பதிவு, டேங்குக்குக் குறித்த காலத்தில் சோதனை, இன்சூரன்ஸுக்குத் தகவல் என எதையும் விடாதீர்கள். வீட்டு சிலிண்டரை வண்டியில் கட்டுவது குற்றம். அதில் வண்டிக்கான மல்டிவால்வும் இல்லை, 80 சதவீதத்தில் தானாக நிறுத்தும் மிதவையும் இல்லை.

வாசகர் அடுத்த முறை மலையேறும் முன் செய்யவேண்டியது: என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து, வேப்பரைசரின் இரண்டு ஹோஸையும் மாறிமாறிப் பிசைந்து காற்றை விரட்டுங்கள். என்ஜின் சூடானதும் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே போகும் ஹோஸும் திரும்பும் ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். திரும்பும் ஹோஸ் மட்டும் ஆறிக் கிடந்தால், தண்ணீர் ஓட்டம் சரியாகும் வரை மலைப்பாதைக்குப் பெட்ரோலிலேயே போங்கள்.