ராந்தல், அரிக்கேன், விடிவிளக்கு: வீட்டு விளக்குகளின் பெயர்கள்

கண்ணாடிக் கூட்டுக்குள் சுடர் எரியும் மண்ணெண்ணெய் விளக்குக்கு ஒரு பெயர் ராந்தல். அந்தச் சொல்லைக் கேட்டால் ஏதோ பழைய தமிழ்ச் சொல் போலத்தான் இருக்கும். பந்தல், காந்தல் என்று காதுக்குப் பழகிய ஓசை. ஆனால் தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். இராமன், இரயில் என்று முன்னால் ஓர் இகரம் போட்டு எழுதுவது அதனால்தான். ரகரத்தில் தொடங்குகிற சொல்லைக் கண்டால் வெளியூர்க்காரரா என்று விசாரித்துவிடுவது நல்லது.

ராந்தலும் வெளியூர்தான். லாந்தர் என்ற சொல்லில் லகரமும் ரகரமும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டதால் வந்தது ராந்தல். தசை சதையானதும், மதுரை பேச்சில் மருதையானதும் இதே வழியில்தான். மலையாளத்திலும் றாந்தல் என்றே சொல்கிறார்கள். லாந்தருக்கு மூலம் லத்தீனின் லன்டெர்னா. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என நம் கரைக்கு வந்த மூவரின் மொழியிலும் இந்தச் சொல் கொஞ்சம் கொஞ்சம் உருமாறி இருந்தது. லத்தீனுக்கு இது கிரேக்கத்திலிருந்து போனது. ஒளிர்வதைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்துதான் லாம்ப் என்ற சொல்லும் பிறந்தது. ஆக, யாழ்ப்பாணத்து லாம்பும் தென்மாவட்டத்து ராந்தலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அதே விளக்குக்கு இன்னொரு பெயர் அரிக்கேன். இலங்கையில் அரிக்கன் லாம்பு என்பார்கள். ஹரிக்கேன் என்றால் சூறாவளி. கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் புயலுக்கு வைத்திருந்த பெயரை ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தப் புயலிலும் அணையாது என்று வியாபாரிகள் சொன்ன பெருமைதான் விளக்குக்குப் பெயராகி, நம்மிடம் வரும்போது ஹகரத்தை உதிர்த்துவிட்டு அரிக்கேன் ஆயிற்று. கொலம்பஸ் போய் இறங்கிய தீவுகளின் ஒரு சொல் நம் மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பெருமை வெறும் விளம்பரமும் இல்லை. அரிக்கேனின் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் தகரக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் அவற்றைக் கைப்பிடிக்குத் தாங்கு என்று நினைப்பதுண்டு. உண்மையில் அவை மூச்சுக்குழாய்கள். மேல்மூடிப் பக்கத்திலிருந்து காற்று அவற்றின் வழியே இறங்கித் திரிக்கு வந்து சேரும். வெளிக்காற்று நேராகச் சுடரில் மோதாது, சுடருக்குக் காற்றுப் பஞ்சமும் வராது. சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றி, முதல்நாள் படிந்த கரியைச் சாம்பல் தொட்ட துணியால் துடைத்து, திரியின் கருகிய முனையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். திரியைக் கோணலாக நறுக்கினால் சுடர் ஒரு பக்கம் கொம்பு முளைத்ததுபோல் எழும்பி, கண்ணாடியின் அந்தப் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கும்.

இதற்குத் தமிழ் என்ன? புயல் விளக்கு என்று மொழிபெயர்த்தால் வானிலை எச்சரிக்கைக்குத் துறைமுகத்தில் ஏற்றும் விளக்கோ என்று தோன்றும். கூண்டு விளக்கு என்பதே பொருத்தம். கம்பிக் கூண்டுக்குள் கண்ணாடி, கண்ணாடிக்குள் சுடர். பார்த்த மாத்திரத்தில் புரிகிற பெயர். வீட்டு விளக்குப் பெயர்களில் நான் பார்த்தவரை இதுதான் வழக்கம்: தோற்றத்தையோ வேலையையோ சொல்கிற பெயர் நிற்கிறது, கண்டுபிடித்தவன் வைத்த பெயரை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தது பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. அதற்காக லாந்தரையும் ராந்தலையும் விரட்ட வேண்டியதில்லை. ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவைதான், அவற்றை யாரும் வெளியே போகச் சொல்வதில்லையே.

சிம்னி விளக்கு அரிக்கேனுக்குத் தம்பி. சிம்னி என்றால் புகைபோக்கி, இங்கே சுடரைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக் குழல். யாழ்ப்பாணத்தில் சிமிலி. நம் கிராமங்களில் கண்ணாடியே இல்லாத தகர விளக்கையும் சிம்னி என்று சொல்லிவிடுவார்கள், புகை மட்டும் தாராளமாகப் போகும். கண்ணாடி இல்லாத இன்னொன்று காடா விளக்கு. காடா என்பது முரட்டுத் துணி, இந்தி உருதுவிலிருந்து வந்த பெயர். அந்தத் துணியைத் தடிமனாகத் திரித்துப் போட்டு எரித்ததால் காடா விளக்கு. இரவுச் சந்தையில் கடலை வண்டி, பூக்கடையெல்லாம் இதை வைத்துத்தான் வியாபாரம் பார்த்தன.

இவற்றுக்கெல்லாம் ஊற்றிய எண்ணெயின் பெயரும் சுவையானது. கெரசின் என்ற பெயர் கிரேக்கத்தில் மெழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் உண்டாக்கப்பட்டது. அந்தக் கெரசின் ஆயில் நம் வாயில் கிருஷ்ணாயில் ஆகி, கண்ணனின் பெயரையே வாங்கிக்கொண்டது. கப்பலில் வந்ததால் சீமை எண்ணெய், அது தேய்ந்து சீமெண்ணெய். மண்ணுக்கடியிலிருந்து வருவதால் மண்ணெண்ணெய். நிலைத்த தமிழ்ப்பெயர் இதுதான், ரேஷன் கடை அட்டை வரைக்கும் போய்விட்டது. 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது, யாழ்ப்பாணத்தில் கொஞ்சமே எண்ணெய் குடிக்கும் ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தலைமுறையே படித்தது. அந்த விளக்குக்கும் பெயர் பாத்திரத்தை வைத்துத்தான்.

பெட்ரோமாக்ஸ் வேறு ரகம். அது பொருளின் பெயரே இல்லை, ஒரு கம்பெனியின் சரக்குக்கு வைத்த பெயர். பெர்லினின் ஏரிக் அண்ட் கிரேட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ் கிரேட்ஸின் பெயரும் பெட்ரோலியமும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ். ஊர்ப்பக்கம் கேஸ் லைட் என்றும் சொல்வதுண்டு. உள்ளே எரிவது காற்றழுத்தத்தில் மேலேறிச் சூட்டில் ஆவியாகும் மண்ணெண்ணெய் என்பதால் அது முழுக்கத் தப்பும் இல்லை. வெளிச்சம் கொடுப்பது சுடரல்ல, அதைச் சுற்றிய மேண்டில். தோரியம் உப்பில் நனைத்த சிறு துணிப்பை அது. முதல்முறை எரிந்ததும் துணி போய்விடும், தோரியம் ஆக்ஸைடின் கூடு மட்டும் பையின் வடிவத்திலேயே நிற்கும். விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். 1880களில் மேண்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர், 1891இல் தோரியத்துக்கு வந்து சேர்ந்தார். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கவனித்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், 1910இல் நம் மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். அந்த ஊர் அன்று திருவிதாங்கூர், இன்று கன்னியாகுமரி மாவட்டம். ஆக ஜெர்மன் பெயர் தாங்கிய விளக்குக்கும் குமரிக் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பெட்ரோமாக்ஸுக்குத் தமிழ்ப்பெயர் தேடுவது வீண்வேலை என்பது என் எண்ணம். ஒரு சரக்கின் பெயர் அது, அப்படியே இருக்கட்டும்.

சரி, விளக்கு என்ற சொல்லே எங்கிருந்து வந்தது? அடங்கு, அடக்கு, முடங்கு, முடக்கு, அதுபோல விளங்கு, விளக்கு. தானாக ஒளிர்வது விளங்குதல், ஒளிரச் செய்வது விளக்குதல். பல் விளக்குவதும், பாத்திரம் விளக்குவதும், பாடத்தை விளக்குவதும் ஒரே வினைதான். அந்த வினையே பெயராகவும் நின்று, பொருளை விளங்கச் செய்யும் கருவிக்கு ஆகிவந்தது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் விளக்கை விளக்குகிறார்கள். குத்து என்பது இங்கே அடியல்ல, நிமிர்ந்து நேராக நிற்பது. செங்குத்து என்கிறோமே, அந்தக் குத்து.

வெளிநாட்டு விளக்கு தமிழ் வீட்டுக்குள் வருவதும் புதிதல்ல. நெடுநல்வாடையில் வரும் அரண்மனையில் யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகலை ஏந்தி நிற்கிறது, அதில் நெய் நிறைத்துப் பருத்த திரி போட்டு ஏற்றுகிறார்கள். வேலைப்பாடு யவனருடையது. பாவை, அகல், திரி என்று பெயர்கள் மட்டும் நம்முடையவை.

மின்சாரம் வந்த பிறகு பல்பு. லத்தீனிலும் கிரேக்கத்திலும் அது வெங்காயம் மாதிரியான கிழங்கைக் குறித்த சொல். வடிவத்தைப் பார்த்து விளக்குக்கு வைத்தார்கள். நாமும் வடிவத்தைப் பார்த்துத்தான் குண்டு பல்பு என்றோம், ஒரு கிழங்கின் மேல் இன்னொரு குண்டு. இலங்கைத் தமிழில் மின்குமிழ் என்ற சொல் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கிச் செய்தித்தாள் வரை புழங்குகிறது. நல்ல சொல். நீர்க்குமிழியின் மெல்லிய சுவர்கூட அதில் தெரிகிறது. தமிழ்நாட்டில் பல்பு என்பது வேறு வேலைக்கும் போய்விட்டது. யாரிடமாவது அசடு வழிந்து திரும்பினால் பல்பு வாங்கினான் என்கிறோம், இதற்கு மின்குமிழ் உதவாது.

டியூப் லைட்டுக்குக் குழல் விளக்கு என்று தயங்காமல் எழுதலாம். தாமதமாகப் புரிந்துகொள்பவரை டியூப் லைட் என்று கிண்டல் செய்வதற்குக் காரணம் அதன் ஸ்டார்ட்டரும் சோக்கும். நாலைந்து முறை கண்சிமிட்டிவிட்டுத்தான் எரியும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சிமிட்டலே தெரியாது, வசவு மட்டும் மிச்சம்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தது விடிவிளக்கு. விடியும்வரை எரிவதால் அந்தப் பெயர், நைட் லேம்ப்புக்கு இதைவிடச் சரியான தமிழ் கிடையாது. ஆனால் கடையில் ஜீரோ வாட் பல்பு என்றுதான் கேட்கிறோம். ஜீரோ வாட்டில் எதுவும் எரியாது. பழைய இழை பல்பு 15 வாட் வரை இழுக்கும், வீட்டு மீட்டரின் தட்டு அதற்குச் சரியாகச் சுற்றாது என்பதால் பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். இரவு முழுக்க எரிவதற்குப் பெயர் வைப்பதில் நாம் பழைய கை. சோழர் கல்வெட்டுகளில் அந்தி நேரத்துக்குச் சந்தி விளக்கு, இரவும் பகலும் எரிவதற்கு நந்தா விளக்கு என்று தனித்தனியாக வருகிறது. நந்துதல் என்றால் கெடுதல், அணைதல். நந்தா என்றால் அணையாத. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய், அதற்கு 96 ஆடு என்று கணக்கு இருக்கிறது. ஆட்டுக்குப் பதில் பசுவானால் 48, எருமையானால் 16. ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை குறையக்கூடாது. அதனால் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள்.

ஷாண்டிலியர் வாங்குகிறவர்கள் சரவிளக்கு என்று சொல்லலாம், சங்கிலியில் அடுக்கடுக்காகத் தொங்கும் கோயில் விளக்குக்கு இருந்த பெயர்தான். ஒற்றையாகத் தொங்கினால் தூக்குவிளக்கு. டார்ச்சுக்கு கைவிளக்கு. டார்ச் என்ற சொல் முறுக்குதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, நம் திரி திரித்தலிலிருந்து வந்ததுபோல. ஆனால் கிராமத்தில் அது கைவிளக்கும் இல்லை, டார்ச்சும் இல்லை: பேட்டரி லைட்டு.

இவற்றை அணைப்பதற்கும் ஊருக்கொரு சொல் உண்டு. பூஜை விளக்கை அணை என்று சொல்ல வாய் வராது. குளிர வை என்பார்கள், தானாக அணைந்திருந்தால் மலையேறிவிட்டது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நூர்த்தல் என்ற பழைய வினை உயிரோடு இருக்கிறது, லாம்பையும் நூர்ப்பார்கள், லைட்டையும் நூர்ப்பார்கள்.

கடைசியாக எல்இடி. ஒளி உமிழ் டையோடு என்பது பாடநூல் பெயர், அந்தக் கடுகளவு துண்டுக்கு அது சரி. வீட்டில் மாட்டுவது பல துண்டுகளை ஒரு தட்டில் வைத்து, மேலே வெள்ளை மூடி போட்ட பொருள். அதற்கு உருண்டை வடிவம் தேவையே இல்லை. ஆனாலும் பழைய ஹோல்டரில் 22 மில்லிமீட்டர் கழுத்தையும் இரண்டு முளைகளையும் பொருத்தியாக வேண்டும், பழைய மூடிக்குள்ளும் அடங்க வேண்டும். அதனால் வடிவம் மாறவில்லை, கடைக்காரருக்கு அது இன்னும் பல்புதான். தமிழில் எழுதுகிறவர்களும் எல்இடி குமிழ் விளக்கு என்று எழுதினால் போதும், டையோடை உரித்து வெளியே எடுக்க வேண்டியதில்லை.