ஐந்து வயதில் பிள்ளை மெலிவது ஏன்?

முதலாம் தரத்துக்குப் போகிற வயதில் பிள்ளையின் விலாவெலும்பு மெல்லத் தெரியத் தொடங்கும். உடனே அம்மம்மா ஆரம்பித்துவிடுவார்: "பிள்ளை காய்ஞ்சு போச்சுது, ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற வன்னியில் இந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், பிற்காலப் பருமன் பலவேளை இந்தப் பயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டெண். பிறந்த முதல் வருடத்தில் இது ஏறும். பிறகு, பிள்ளை உயர உயர, இறங்கிக்கொண்டே வந்து 5, 6 வயதளவில் ஆகக் குறைந்த இடத்தைத் தொடும். அதன்பின் திரும்பவும் ஏறும். அதாவது அம்மம்மா பயப்படுகிற அந்த வயதில் மெலிவுதான் இயல்பு. இந்த ஏற்றம் 3, 4 வயதிலேயே தொடங்கிவிட்ட பிள்ளைகளுக்குத்தான் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்புக் கூட.

போதும் என்று சொல்ல உடம்புக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரந்து மூளைக்குக் கையிருப்பைத் தெரிவிக்கின்றன. இது கண்டுபிடிக்கப்பட்டது 1994இல்தான். இரைப்பையும் குடலும் தம் பங்குக்கு வேறு சமிக்ஞைகளை அனுப்பும். சின்னப் பிள்ளை வாயை இறுக்கி மூடித் தலையைத் திருப்புவது அதனால்தான். போனில் கார்ட்டூனைப் போட்டுவிட்டு "இன்னும் ரெண்டு வாய்" ஊட்டும்போது, அந்தச் சமிக்ஞையைக் கவனிக்காமல் விடப் பிள்ளையைப் பழக்குகிறோம். சோடாவுக்கோ இந்த ஏற்பாடு சரியாக மசியாது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள பானத்தில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டி. ஆனாலும் அடுத்த வேளைச் சோறு அந்தளவுக்குக் குறையாது.

"மெலிஞ்சு பிறந்த பிள்ளை, எதைக் குடிச்சாலும் தாங்கும்" என்பது தலைகீழான கணக்கு. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது கருவின் முற்பாதியில் இருந்த ஆண்களிடம் 19 வயதில் பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, நிறை குறைவுதான், தசையும் குறைவு, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பட்டினியோடு சுமந்த தாய்மாரின் பிள்ளைகள் இன்று கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பதின்ம வயதுக்காரர். அவர்களைச் சுற்றி இப்போது ரோல்ஸும் கொத்தும் சோடாவும். ரியூசன் முடிய இருட்டிவிடும், பிறகு விளையாட்டு எங்கே? நித்திரையும் போகிறது, 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் வேண்டும். நித்திரை குறைந்தால் பசி கூடும்.

உண்மையான போசாக்குக் குறைபாடும் வன்னியில் இருக்கிறது. அதனால் கண் மதிப்பை நம்பாமல், நிறையையும் உயரத்தையும் குறித்துவரும் வளர்ச்சி அட்டையை நம்புங்கள். மெலிவாக இருந்தாலும் நிறையும் உயரமும் தன் கோட்டோடு போனால் பிள்ளையை விட்டுவிடலாம். இரண்டில் ஒரு கோடு தட்டையாகினாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டவேண்டும்.

ஏற்கெனவே பருத்த பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. சோடாவையும் இனிப்புப் பிஸ்கட்டையும் நிறுத்தி, குரக்கன் புட்டு, கௌபி, மீன், கீரை என்று வீட்டுச் சாப்பாட்டைக் கொடுத்து நிறையை அப்படியே பிடித்து வைத்தால் போதும், வளரும் உயரம் மிச்சத்தைச் சரிசெய்யும். "சுரப்பிக் கோளாறு" என்று பலர் சொல்வதுண்டு, அது அரிது. அப்படியான பிள்ளை வழக்கமாக உயரத்திலும் பின்தங்கும்; நிறை ஏற உயரம் நின்றுவிட்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும்.