ஞாயிறு இரவில் வரும் வயிற்றுவலி

மட்டக்களப்பில் என்னிடம் உளவளத்துணைக்கு வரும் பதின்ம வயதுப் பிள்ளைகளில் "பள்ளிக்கூடத்தில் என்னை வதைக்கிறார்கள்" என்று தாமாகச் சொல்வோர் குறைவு. வயிற்றுவலி, தலையிடி, படபடப்பு என்றுதான் வருவார்கள். அதற்குள் இரத்தம், சலம் சோதித்து, ஸ்கேன் எடுத்து, கோயிலில் நூலும் கட்டி முடிந்திருக்கும்.

"மிஸ், ஞாயிற்றுக்கிழமை ராவானா வயித்தப் பிடிச்சிட்டு அழுறான். லீவு விட்டா ஒண்டுமில்ல. மறுகா பள்ளிக்கூடம் துவங்கினா அதே வலி" என்றார் ஒரு தாய். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) இது நடிப்பல்ல. பயம் நீடித்தால் குடலின் அசைவும் உணர்திறனும் மாறும். பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கும்.

தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "இடைவேளைக்கு யாரோட இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து போனை நீட்டினான். அவன் வாய் நிறையச் சாப்பிடும்போது யாரோ எடுத்த படம், வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கராகியிருந்தது. யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு அவன் முகம்தான்.

1970களிலிருந்து சுவீடன், நோர்வே பாடசாலைகளில் பிள்ளைகள் பிள்ளைகளை வதைப்பதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாத ஒருவருக்குச் செய்வது. மூன்றும் அந்த ஸ்டிக்கரில் இருந்தன. தகப்பனுக்கோ அது "பகிடிதானே, நீயும் திருப்பிக் குடு." தனியாக நிற்கும் பிள்ளை ஐந்து பேருக்கு எப்படித் திருப்பிக் கொடுக்கும்?

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பல பிள்ளைகளிடம் ஒரே பதில்: "சொன்னா போனப் பறிச்சிடுவாங்க." தண்டனை வதைபட்டவனுக்கே வந்துவிடுகிறது. போனைப் பறிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். மற்றப் பிள்ளையின் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டால் அடுத்த நாள் வகுப்பில் அதுவும் பகிடியாகும். நம் ஊர்களில் இன்னொரு சிக்கல்: வதைத்தவன் சிலவேளை சொந்தக்காரரின் பிள்ளை. திருவிழாவில் முகம் பார்க்க வேண்டுமே என்று பெரியவர்கள் மூடி மறைப்பார்கள். முகத்தாட்சண்யத்துக்குப் பிள்ளையை விலையாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நண்பர்கள் பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. கனடாவில் ஆய்வாளர்கள் பாடசாலை விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். கூடநின்ற பிள்ளை தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் வதை 10 வினாடிக்குள் நின்றிருந்தது. "விடுடா அவன" என்ற ஒரு சொல் போதும். அதற்கும் பயமென்றால் ஸ்டிக்கரை அனுப்பாமல் இருக்கலாம், இடைவேளைக்குப் பக்கத்தில் போய் இருக்கலாம். இந்தப் பையனோடு சைக்கிளில் வீடு வரை வர ஒருவன் கிடைத்தான். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் போவது நிற்கவில்லை.

"செத்தா நல்லம்" என்று பிள்ளை சொன்னால் மட்டும் திங்கட்கிழமை வரை பார்த்திருக்காதீர்கள். "சாக நினைக்கிறியா?" என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். இலங்கையில் 1926 மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம். வயலுக்கு அடிக்கும் மருந்தையும் அம்மம்மாவின் மாத்திரைகளையும் அன்றைக்கே பூட்டி, திறப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.