499 ரூபாய்க்கு 2 டிபி: மெமரி கார்டு பொய் சொல்லும் விதம்

போலி மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. உறையில் 2 டிபி (2,000 ஜிபி) என்று போட்டிருந்தால் திரையிலும் கிட்டத்தட்ட 2 டிபி காட்டும். போட்டோ ஏறும், பாட்டு ஏறும், ஏறியதெல்லாம் ஒழுங்காகத் திறக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து வளைகாப்பு வீடியோவைத் திறக்கப் போனால் கறுப்புத் திரைதான் வரும். ரிட்டர்ன் செய்ய இணையக் கடை கொடுத்த 7 நாளோ 10 நாளோ அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும். இந்த வியாபாரம் ஓடுவதே அந்த இடைவெளியை நம்பித்தான்.

ஆன்லைனில் டூப்ளிகேட் சார்ஜரும் வருகிறது, பவர் பேங்க்கும் வருகிறது, இயர்போனும் வருகிறது. ஆனால் மெமரி கார்டும் பென் டிரைவும் தனி ரகம். மற்றவற்றில் பொய் பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும். இவற்றில் பொருளே வாய் திறந்து பொய் சொல்லும்.

அது எப்படி? நகத்தளவு இருக்கும் மைக்ரோ எஸ்டி கார்டுக்குள் முக்கியமாக இரண்டு பாகங்கள். ஒன்று, தகவலைத் தேக்கி வைக்கும் ஃபிளாஷ் சிப். இப்போது எல்லாக் கார்டுகளிலும் இருக்கும் 'நாண்ட்' வகை ஃபிளாஷ், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு உருவாக்கி 1987-இல் அறிவித்தது. இரண்டாவது பாகம் கன்ட்ரோலர். அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்றே சொல்லலாம்.

வெறும் சிப்பை வைக்காமல் இந்தக் கன்ட்ரோலர் எதற்கு? ஃபிளாஷ் சிப் குறையே இல்லாமல் தயாராவதில்லை. தொழிற்சாலையை விட்டு வரும்போதே சில பகுதிகள் கெட்டிருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்த இன்னும் சில கெடும். கெட்டதை ஒதுக்கி, நல்ல பகுதிகளுக்கு மட்டும் வரிசை எண் கொடுத்து வெளியே காட்டுவது கன்ட்ரோலரின் வேலை. உங்கள் போன் ஃபிளாஷ் சிப்பை நேரடியாகத் தொடுவதே கிடையாது. 'எவ்வளவு இடம் இருக்கிறது?' என்று கன்ட்ரோலரைக் கேட்கும், அது சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். சரிபார்க்காது.

அந்த எண், கன்ட்ரோலரை இயக்கும் உள் நிரலில் (ஃபர்ம்வேர்) தொழிற்சாலையில் எழுதப்படுவது. ஒரே மாடல் கன்ட்ரோலரை 16 ஜிபி சிப்போடும் சேர்ப்பார்கள், 128 ஜிபி சிப்போடும் சேர்ப்பார்கள். அதனால் கொள்ளளவை மாற்றி எழுதும் மென்பொருள் கார்டு தயாரிப்பவர்களுக்குக் கட்டாயம் தேவை. அதே மென்பொருள் மோசடிக்காரர் கைக்குப் போனால் 16-ஐ 2,000 ஆக்க அதிக நேரம் பிடிக்காது. ஆண்ட்ரூ ஹுவாங் என்ற வன்பொருள் பொறியாளர், 2010 வாக்கில் கோளாறான மைக்ரோ எஸ்டி கார்டுகளின் ஊற்றைத் தேடிச் சீனாவின் ஷென்ஜென் சந்தையில் அலைந்தவர். 2013 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த மாநாட்டில் அவரும் ஷான் கிராஸ் என்ற சக பொறியாளரும் ஒரு மெமரி கார்டின் கன்ட்ரோலருக்குள் தங்கள் சொந்த நிரலையே ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள். கார்டு என்பது வெறும் டப்பா இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் கம்ப்யூட்டர் என்பது அப்போது பலருக்கும் உறைத்தது.

சரி, இல்லாத இடத்தில் எழுதச் சொன்னால் கார்டு என்ன செய்யும்? இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை சுற்றி வரும். 16 ஜிபி இடத்தை எண்ண, 0, 1 மட்டுமே கொண்ட இருமை எண்ணில் 34 இலக்கங்கள் போதும். 2 டிபிக்கு 41 வேண்டும். போலி கார்டின் கன்ட்ரோலர், மேலே அதிகமாக வரும் 7 இலக்கங்களைக் கண்டுகொள்ளாது. பழைய ஸ்கூட்டரின் மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் 00000-க்குத் திரும்புமே, அதேதான். 17-ஆவது ஜிபி என்று நீங்கள் நினைத்து எழுதுவது முதல் ஜிபியின் தலையில் போய் விழும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கார்டின் தொடக்கப் பகுதியில்தான் இருக்கும் என்பதால், அது அழிந்து 'இந்தக் கார்டை ஃபார்மட் செய்யவா?' என்று போன் கேட்கும். மொத்தமும் போச்சு.

இரண்டாவது வகை இன்னும் சாமர்த்தியமானது. தொடக்கப் பகுதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உண்மையான கொள்ளளவுக்கு மேல் வருவதையெல்லாம் கீழே போட்டுவிட்டு 'எழுதிவிட்டேன்' என்று மட்டும் பதில் சொல்லும். கோப்பின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், அளவுகூடச் சரியாக இருக்கும். உள்ளே ஒன்றுமே இருக்காது. கேலரியில் சிறிய படம் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம். அது பெரும்பாலும் போன் தன்னுடைய நினைவகத்தில் எடுத்து வைத்த நகல்.

2022-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், 30 டிபி என்று விற்கப்பட்ட வெளிப்புற எஸ்எஸ்டி (வெளியிலிருந்து செருகும் சேமிப்பு டிரைவ்) ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தவை, பசை போட்டு ஒட்டிய இரண்டு 512 எம்பி மெமரி கார்டுகள். ஒவ்வொன்றும் தன்னை 15 டிபி என்று சொல்லிக்கொண்டிருந்தது! 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டே 2019 பிப்ரவரியில்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. இன்றும் நல்ல கம்பெனியின் 1 டிபி கார்டு பல ஆயிரம் ரூபாய். 499-க்கு 2 டிபி என்று பார்க்கும்போதே நமக்குள் ஒரு குரல் சொல்லத்தான் செய்கிறது. 'தள்ளுபடி, இன்று மட்டும்' என்ற சிவப்பு எழுத்துதான் அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது.

ஆகவே கார்டிடம் எதையும் கேட்கக் கூடாது, வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். முழுக் கார்டையும் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். இதற்கு விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இவற்றின் நுட்பம் எதை எழுதுகின்றன என்பதில் இருக்கிறது. கார்டு முழுக்க வெறும் பூஜ்யங்களை எழுதினால் சுற்றி வரும் கார்டு எளிதில் தப்பிவிடும், ஏனென்றால் எங்கே படித்தாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தின் எண்ணிலிருந்தே பிறக்கும் தனித்தன்மையான தொடரை எழுதுகிறார்கள். முதல் ஜிபியைப் படிக்கும்போது வேறொரு ஜிபிக்கு உரிய தொடர் வந்தால் குட்டு உடைந்தது.

எழுதி முடித்ததும் கார்டை ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டுப் படிக்க வைப்பது நல்லது. இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் தற்காலிக நினைவகமான ராமில் இருப்பதையே எடுத்துக் காட்டிவிட வாய்ப்பு உண்டு. நேரம் ஆகும், அதைச் சொல்லிவிடுகிறேன். 128 ஜிபியை நொடிக்கு 10 எம்பி வேகத்தில் நிரப்பவே மூன்றரை மணி நேரம். இரவு ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். முக்கியமான ஒன்று: குடும்பப் படங்களை ஏற்றுவதற்கு முன், பார்சல் வந்த அன்றே இதைச் செய்யுங்கள். போலி கார்டில் ஏற்கெனவே இருப்பது சோதனையில் அழிந்துபோகலாம். அதோடு, வீட்டுப் படங்கள் இருக்கும் கார்டைத் திருப்பி அனுப்பவும் மனம் வராது.

வீணாகச் சண்டைக்குப் போகக் கூடாத இடமும் உண்டு. 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் அது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

பவர் பேங்க்கிலும் இதே குழப்பம். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது கொஞ்சம் ஆற்றல் சூடாகப் போய்விடும். ஆகவே 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக ஏற்ற முடியாது, ஒன்றரை முறை ஏறினாலே அது நேர்மையான பவர் பேங்க். போலியைப் பிடிக்க சமையலறைத் தராசு போதும். நல்ல லித்தியம் செல் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணிதான் தேக்கும். 20,000 எம்ஏஎச்சுக்கு 74 வாட்-மணி, செல் மட்டுமே 300 கிராம் ஆகிவிடும். மொத்தமே 200 கிராம் இருந்தால் அந்த எண் பொய். வேதியியலை ஏமாற்ற யாராலும் முடியாது. தனியாக விற்கும் '18650' என்ற உருளை வடிவ லித்தியம் செல்லில் 9,900 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் அப்படித்தான், நல்ல கம்பெனி செல்லே 3,500 பக்கம்தான் வரும்.

சார்ஜரில் மட்டும் சோதனை வேலை வேண்டாம். அங்கே விஷயம் பணம் அல்ல, உயிர். 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருக்கும் காப்பில்தான் போலிகள் காசு மிச்சம் பிடிக்கின்றன. இந்தியாவில் சார்ஜருக்கும் பவர் பேங்க்குக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். பொருளின் மேல் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு 8 இலக்க எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளர், எந்த பிராண்ட் என்று காட்டும். செயலி காட்டும் பெயரும் கையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் செருகாதீர்கள்.

இனி பணம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் கடைக்காரர் முகமாவது தெரியும், ஆன்லைனில் அதுவும் இல்லை. ஆனால் சட்டம் அங்கே நாம் நினைப்பதைவிட வலுவாக இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் போலியாகவோ குறைபாடு உள்ளதாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் இருந்தாலும், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 'எங்கள் பாலிசியில் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான்' என்று சாட்டில் சொன்னால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். போலிக்குப் பதில் இன்னொரு போலி வந்து என்ன பயன்? புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய கடமை தளத்தின் குறைதீர் அலுவலருக்கு உண்டு. கஸ்டமர் கேரில் தலையை முட்டிக்கொள்வதைவிட அவருக்கே மெயில் எழுதலாம்.

ரிட்டர்ன் படிவத்தில் 'பிடிக்கவில்லை' என்பதைத் தொடவே தொடாதீர்கள், அது உங்கள் மனமாற்றம் ஆகிவிடும். '2 டிபி என்று விற்றது, சோதனையில் 16 ஜிபிதான் இருக்கிறது' என்று எண்ணோடு எழுதுங்கள். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட், பில், பார்சல் பிரித்த வீடியோ, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது, புகார் போனதும் அந்தப் பக்கம் மாறலாம், மறையலாம்.

கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். போலிப் பொருள் என்பதற்கு விசா நிறுவனத்தின் விதிகளில் தனிப் பிரிவே உண்டு, காலக்கெடு பொதுவாக 120 நாள். டெலிவரியின்போது கையில் பணம் கொடுத்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அடுத்த படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பெரிய தளங்கள் என்றால் இந்தக் கட்டத்திலேயே பல புகார்கள் முடிந்துவிடும்.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வடக்கே எங்கே இருந்தாலும் பரவாயில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால் அந்தக் கார்டைக் கோபத்தில் வளைத்து எறிந்துவிடாமல், வந்த கவரோடு எடுத்து வையுங்கள்.